பிக்காசோவின் மட்பாண்டக் கலை

பிக்காசோவின் மட்பாண்டக் கலை என்பது எசுப்பானிய ஓவியரும் சிற்பியுமான பாப்லோ பிக்காசோ (1881 அக்டோபர் 25 – 1973 ஏப்ரல் 8) தமது வாழ்வின் பிற்பகுதியில் களிமண்ணைக் கொண்டு உருவாக்கிய படைப்புகளைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வல்லோரிஸ் நகரில், சுசான் ராமியே, ஜார்ஜ் ராமியே இணையர் நடத்திய மதூரா மட்பாண்டப் பட்டறையில் 1947 முதல் 1971 வரையான காலத்தில் உருவானவை. தட்டுகள், சாடிகள், குடங்கள், ஓடுகள், பறவை, விலங்கு, பெண் உருவங்கள் எனப் பல வகையாக அமைந்த இவற்றில், பிக்காசோ தம் கையாலேயே செய்து முடித்த ஒற்றைப் படைப்புகள் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 வரை இருக்கும் எனக் கணிக்கப்படுகிறது. இவற்றைத் தவிர, பட்டறையின் கைவினைஞர்கள் வரையறுத்த எண்ணிக்கையில் படியெடுத்த 633 பதிப்பு வடிவங்களும் உள்ளன.

ஓவியர் ஒருவர் குயவர் பட்டறையில் பணியாற்றியபோது எது அவருடைய ஆக்கம், எது பட்டறையின் ஆக்கம் என்னும் கேள்வி எழுந்தது. எளிய மக்களும் வாங்கக்கூடிய கலையாக எண்ணப்பட்ட பதிப்புகள் பின்னாளில் ஏலக்கூடங்களில் பெருவிலை பெற்றன. இவ்விரு காரணங்களால் இப்படைப்புகள் கலை வரலாற்றில் தனியாக ஆராயப்படுகின்றன.

பின்னணி

வல்லோரிஸ் நகரம்

வல்லோரிஸ், கான் நகருக்கும் ஆண்டீப் நகருக்கும் இடையில் குன்றுகளின் நடுவே அமைந்த சிறு நகரமாகும். இதன் கடற்கரைப் பகுதி கோல்ஃப்-ஜுவான் எனப்படுகிறது. இவ்வட்டாரத்தில் கிடைக்கும் களிமண் நெருப்பைத் தாங்கும் தன்மை கொண்டது. சூளைக்கு வேண்டிய விறகைச் சுற்றியிருந்த பைன் காடுகள் தந்தன. உரோமர் காலம் தொட்டே இங்கு மட்பாண்டத் தொழில் நடந்துவந்தது. கொள்ளைநோயாலும் போர்களாலும் மக்கள் குறைந்துபோன இவ்வூரில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெரின்ஸ் மடத்துத் துறவிகள் இத்தாலியின் ஜெனோவாப் பகுதியிலிருந்து குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினர். அவர்களுள் குயவர்களும் இருந்தனர்.

பின்வந்த நூற்றாண்டுகளில் வல்லோரிஸின் சமையல் பானைகள் பெயர் பெற்றன. உட்புறம் மட்டும் மெருகு பூசப்பட்டு, அடுப்பின் சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்ட இப்பானைகள் தெற்குப் பிரான்சு முழுவதும் விற்கப்பட்டதுடன் கப்பல் வழியாக வெளிநாடுகளுக்கும் சென்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாசியே குடும்பத்தினர் அழகுப் பாண்டங்களுக்குப் புகழ் தேடித்தந்தனர். அக்குடும்பத்தின் கிளெமான் மாசியே உலோகம் போல் மின்னும் மெருகுப்பூச்சுக்காக அறியப்பட்டவர். 20ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புப் பாத்திரங்களும் அலுமினியப் பாத்திரங்களும் பரவியதால் மண்பானைகளின் தேவை குறைந்தது. பல சூளைகள் அணைந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் வல்லோரிஸ் ஒரு நலிந்த தொழில் நகரமாகவே இருந்தது.

மதூரா பட்டறை

மதூரா பட்டறையை 1938இல் நிறுவியவர் சுசான் ராமியே (1905–1974). லியோன் நகரின் கவின்கலைப் பள்ளியில் பயின்ற இவர், வல்லோரிஸின் பழைய பானை வடிவங்களை ஆராய்ந்து, அவற்றிலிருந்து தம் காலத்துக்கேற்ற எளிய வடிவங்களை உருவாக்கினார். இவருடைய கணவர் ஜார்ஜ் ராமியே (1901–1976) பட்டறையின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். ‘மதூரா’ என்பது இல்லம் எனப் பொருள்படும் ‘மெசோன்’, சுசானின் பிறந்தகப் பெயரான ‘தூலி’, கணவரின் பெயரான ‘ராமியே’ ஆகிய மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயராகும்.

முந்தைய முயற்சிகள்

பிக்காசோ வல்லோரிஸுக்கு வருமுன்பே களிமண்ணை அறிந்திருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பாரிசில் வாழ்ந்த எசுப்பானியச் சிற்பியும் மட்பாண்டக் கலைஞருமான பாக்கோ துரியோவுடன் அவருக்கு நட்பு இருந்தது. ஓவியர் பால் கொகேனின் நண்பரான துரியோ, கொகேன் செய்த சுடுமண் படைப்புகளைப் பற்றிப் பிக்காசோவுக்கு எடுத்துக் கூறினார். எனினும் அக்காலத்தில் பிக்காசோ களிமண்ணில் செய்தவை மிகச் சிலவே. தொடர்ச்சியான பணி அவருடைய 65ஆம் அகவைக்குப் பின்னரே தொடங்கியது.

தொடக்கம் (1946–1947)

1946ஆம் ஆண்டுக் கோடையைப் பிக்காசோ, ஓவியர் பிரான்சுவாஸ் ஜிலோவுடன் கோல்ஃப்-ஜுவானில் கழித்தார். அங்கு அவர்கள் தங்கியது செதுக்கச்சுக் கலைஞரான லூயி ஃபோர் என்பவரின் வீட்டிலாகும். அக்கோடையில் வல்லோரிஸில் நடைபெற்ற மட்பாண்டக் கண்காட்சியைக் காணச் சென்ற பிக்காசோ, ராமியே இணையரைச் சந்தித்தார். அவர்களின் அழைப்பை ஏற்றுப் பட்டறைக்குச் சென்று சில சிறிய உருவங்களைக் களிமண்ணில் பிடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் அவர் ஆண்டீப் நகரின் கிரிமால்டிக் கோட்டையில் ஓவியம் தீட்டினார். அக்கோட்டை அப்போதே அருங்காட்சியகமாக இருந்தது. அதன் காப்பாளர் ரொமுவால்டு தோர் த லா சூஷேர் அவருக்கு அங்குப் பணியிடம் அளித்திருந்தார்.

1947ஆம் ஆண்டுக் கோடையில் பிக்காசோ மீண்டும் மதூராவுக்கு வந்தார். முந்தைய ஆண்டு தாம் செய்த உருவங்கள் சுடப்பட்டுப் பாதுகாக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இம்முறை அவர் பல வரைபடங்களையும் உடன் கொண்டுவந்திருந்தார். ராமியே இணையர் பட்டறையில் அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கி, கைவினைஞர்களின் உதவியையும் அளித்தனர். இதிலிருந்தே அவருடைய மட்பாண்டப் பணி முறையாகத் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

வல்லோரிஸ் ஆண்டுகள் (1948–1955)

1948இல் பிக்காசோ வல்லோரிஸில் ‘லா கலுவாஸ்’ என்னும் வீட்டில் குடியேறினார். அடுத்த ஆண்டில், முன்பு நறுமணப் பொருள் வடித்த ‘ஃபூர்னா’ எனும் கட்டடத்தைப் பெற்று, ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான பணியிடமாக்கிக் கொண்டார். மட்பாண்டப் பணியோ மதூராவிலேயே தொடர்ந்தது.

1948 நவம்பரில் பாரிசின் ‘மெசோன் த லா பான்சே பிரான்சேஸ்’ என்னும் அரங்கில் 149 மட்பாண்டங்களைக் கொண்ட கண்காட்சி நடைபெற்றது. பிக்காசோவின் புதிய துறையைப் பாரிசு மக்களுக்கு அறிமுகப்படுத்திய பெரிய கண்காட்சி இதுவே. அதே ஆண்டில் அவர் ஆண்டீப் அருங்காட்சியகத்துக்கு 78 மட்பாண்டங்களை நன்கொடையாக அளித்தார். அந்நிறுவனம் பின்னர் பிக்காசோ அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்றது.

மதூராவின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய ஜாக்குலின் ரோக் என்பவரைப் பிக்காசோ இக்காலத்தில் சந்தித்தார். இருவரும் 1961 மார்ச் 2 அன்று வல்லோரிஸில் திருமணம் செய்துகொண்டனர். பிக்காசோ 1955இல் கான் நகரின் ‘லா கலிஃபோர்னி’ மாளிகைக்கும், 1961இல் முஜான் ஊருக்கும் குடிபெயர்ந்த பின்னரும் மதூராவுடனான தொடர்பு அறுபடவில்லை.

செயல்முறை

வேலைப் பகிர்வு

பிக்காசோ குயவர் சக்கரத்தில் வனையும் திறனைக் கற்றவர் அல்லர். மதூராவின் தலைமை வனைஞரான ஜூல் அகார், பிக்காசோவின் வரைபடங்களுக்கேற்பப் பாண்டங்களை வனைந்து கொடுத்தார். சுசான் ராமியே முன்னரே வடிவமைத்திருந்த சாடிகளும் தட்டுகளும் பல வேளைகளில் அவருக்கு அடிப்படையாயின. களிமண்ணைப் பதப்படுத்துதல், மெருகுப்பூச்சுகளைக் கலத்தல், சூளையில் அடுக்குதல், சூட்டை அளவறிந்து ஏற்றுதல் ஆகியவை பட்டறையினரின் பொறுப்பில் இருந்தன. உருவை மாற்றுதல், கீறுதல், வண்ணம் தீட்டுதல் ஆகியவற்றைப் பிக்காசோ செய்தார்.

வடிவை மாற்றுதல்

சக்கரத்திலிருந்து எடுக்கப்பட்ட பாண்டம் முழுதும் காய்வதற்கு முன் சிறிது நேரம் வளையும் பதத்தில் இருக்கும். பிக்காசோ இப்பதத்தைப் பயன்படுத்திக்கொண்டார். புதிதாக வனைந்த சாடியின் கழுத்தைத் திருகி, வயிற்றை அமுக்கி, வாயை மடித்துப் புறாவாகவோ மண்டியிட்ட பெண்ணாகவோ மாற்றினார். உள்ளே வெறுமையாகவும் சுவர் சீரான தடிப்புடனும் இருப்பதால் இவ்வுருவங்கள் சூளையில் வெடிக்காமல் சுட்டு முடிந்தன. உருவத்தை மண்ணிலிருந்து புதிதாகப் பிடிக்காமல், குயவர் வனைந்த பாண்டத்துக்குள்ளேயே கண்டெடுப்பது இம்முறையின் சிறப்பாகும். நீண்ட கழுத்துடைய குடங்களிலிருந்து உருவான பெண் உருவங்கள், பண்டைக் கிரேக்கத்தின் தனாக்ராச் சுடுமண் பாவைகளை நினைவூட்டுவதால் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

வண்ணமும் சூளையும்

மட்பாண்டத்தில் வண்ணம் தீட்டுவது துணியில் எண்ணெய் வண்ணம் தீட்டுவதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. தீட்டும்போது கண்ணுக்குத் தெரியும் நிறம் வேறு, சுட்டபின் தோன்றும் நிறம் வேறு. செப்பு ஆக்சைடு பச்சையையும், கோபால்ட் ஆக்சைடு நீலத்தையும், மாங்கனீசு ஆக்சைடு ஊதா கலந்த பழுப்பையும் கருமையையும், இரும்பு ஆக்சைடு மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான நிறங்களையும் தரும். ஆனால் சூளைக்குள் வைக்கும்போது இவை பெரும்பாலும் சாம்பல் நிறத்திலோ கருநிறத்திலோ காணப்படும். பூச்சின் தடிப்பு, சூளையின் வெப்பம், உள்ளே காற்றின் அளவு ஆகிய அனைத்தும் முடிவை மாற்றும். தூரிகையின் ஒவ்வொரு தடத்தையும் உடனுக்குடன் கண்டு திருத்திப் பழகிய ஓவியருக்கு இது புதிய கட்டுப்பாடாக இருந்தது.

பிக்காசோ பயன்படுத்திய முறைகளுள் பின்வருவன முதன்மையானவை.

களிக்குழம்புப் பூச்சு: நிறமூட்டிய நீர்த்த களிமண்ணைப் பாண்டத்தின் மேல் பூசுவது. சுட்டபின் இது மங்கலான, மண்ணின் தன்மை மாறாத நிறத்தைத் தரும்.

கீறல் முறை: பூசிய களிக்குழம்பை முனையால் கீறி, அடியில் உள்ள மண்ணின் நிறத்தைக் கோடாக வெளிக்கொணர்வது.

மெழுகுத் தடுப்பு: பாரஃபின் மெழுகால் கோடுகளை வரைந்து, அதன் மேல் வண்ணம் பூசுவது. மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. சூளையில் மெழுகு எரிந்துவிட, கோடுகள் மட்டும் தெளிவாக எஞ்சும்.

மெருகுப்பூச்சு: சூட்டில் உருகிக் கண்ணாடி போல் படியும் பூச்சு. பிக்காசோ இதைப் பாண்டம் முழுவதற்கும் பூசாமல், கண், நீர், மீனின் உடல் போன்ற பகுதிகளுக்கு மட்டும் பூசிப் பளபளப்புக்கும் மங்கலுக்கும் இடையிலான வேறுபாட்டையே ஓவியத்தின் கூறாக்கினார்.

கழிவுப் பொருட்கள்

பட்டறையில் கழித்து ஒதுக்கப்பட்டவற்றையும் பிக்காசோ பயன்படுத்தினார். உடைந்த சமையல் பானைகளின் ஓடுகள், தரை ஓடுகள், சூளையில் பாண்டங்களைத் தாங்கும் துணைப்பொருட்கள், செங்கல் துண்டுகள் ஆகியவற்றின் மேல் முகங்களைத் தீட்டினார். பானை ஓட்டின் வளைவு கன்னமாகவும், ஒட்டியிருந்த கைப்பிடி காதாகவும் அமைந்த படைப்புகள் உள்ளன. 1962இல் செங்கல் துண்டுகளில் தீட்டிய பெண் முகங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. தொல்லியல் அகழாய்வில் கிடைத்த ஓடுகளைப் போன்ற தோற்றம் இவற்றுக்கு இருப்பதைப் பலரும் குறிப்பிட்டுள்ளனர்.

கருப்பொருள்கள்

பிக்காசோவின் மட்பாண்டங்களில் நடுநிலக் கடற்பகுதியின் பழங்கதைகளும் அன்றாட வாழ்வும் அடிக்கடி இடம்பெறுகின்றன.

காளைப்போர்: மலகாவில் பிறந்த பிக்காசோவுக்கு இளமை முதலே காளைப்போரில் ஈடுபாடு இருந்தது. நீள்வட்டத் தட்டின் நடுப்பகுதி போர்க்களமாகவும், உயர்ந்த விளிம்பு பார்வையாளர் அமரும் படிவரிசையாகவும் மாறுவதை அவர் பல தட்டுகளில் காட்டினார். விளிம்பில் வைத்த சிறு வண்ணப் புள்ளிகள் பார்வையாளர் கூட்டமாகத் தோன்றும். 1953இல் அவர் தீட்டிய 28 காளைப்போர்க் கிண்ணங்கள் தெற்குப் பிரான்சின் செரே அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டன.

ஆந்தை: 1946இல் ஆண்டீப் கோட்டையில் பணியாற்றியபோது காயமுற்ற சிறு ஆந்தை ஒன்று பிக்காசோவிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை வளர்த்தார். அக்காலந்தொட்டு ஆந்தை அவருடைய ஓவியங்களிலும் மட்பாண்டங்களிலும் தொடர்ந்து இடம்பெற்றது. சாடியின் உருண்ட வயிறு ஆந்தையின் உடலாக அமைவதற்கு இயல்பாகவே பொருந்தியது.

புறா: 1949இல் பாரிசில் நடைபெற்ற உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டிக்குப் பிக்காசோவின் புறாப் படம் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டில் பிறந்த மகளுக்கு, எசுப்பானிய மொழியில் புறாவைக் குறிக்கும் ‘பலோமா’ என்னும் பெயர் இடப்பட்டது. மடித்த சாடிகளிலிருந்து உருவான புறாக்கள் இக்காலத்தவை.

மீன்: மீன் வைத்த உணவுத் தட்டைக் களிமண்ணிலேயே செய்து காட்டும் படைப்புகள் பல உள்ளன. 1957இல் பிக்காசோ உணவருந்தி முடித்த மீனின் முள்ளெலும்பை ஈரக் களிமண்ணில் பதித்துத் தட்டில் பொருத்தியதை, ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் படமெடுத்துள்ளார்.

முகங்கள்: வட்டத் தட்டையே முகமாகக் கொண்டு, சில கோடுகளால் கண், மூக்கு, வாய் ஆகியவற்றை அமைக்கும் முறையில் நூற்றுக்கணக்கான தட்டுகள் உருவாயின. 1948இன் ‘கரிய முகம்’ தட்டுத் தொகுதி பரவலாக அறியப்பட்டது.

இவை தவிர ஆட்டுத்தலை, குழலூதும் காட்டுத்தேவன், குதிரைவீரன், ஜாக்குலினின் முகத்தோற்றம் ஆகியவையும் அடிக்கடி காணப்படுகின்றன.

ஒற்றைப் படைப்புகளும் பதிப்புகளும்

பிக்காசோவின் மட்பாண்டங்களைப் புரிந்துகொள்ள ஒற்றைப் படைப்புக்கும் பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது.

ஒற்றைப் படைப்பு என்பது பிக்காசோ தம் கையால் உருமாற்றியோ தீட்டியோ முடித்த ஒரே பொருளாகும். இவற்றில் பெரும்பகுதியை அவர் விற்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதனால் அவருடைய வாழ்நாளில் பொதுமக்கள் இவற்றைக் கண்காட்சிகளிலேயே காண முடிந்தது.

பதிப்பு என்பது பிக்காசோவின் இசைவுடன் மதூராவின் கைவினைஞர்கள் உருவாக்கி விற்ற படிகளாகும். ஒவ்வொரு வடிவமும் பெரும்பாலும் 25 முதல் 500 படிகள் வரை வெளியிடப்பட்டது. இது இருவகையாகச் செய்யப்பட்டது.

முதல் வகையில், பிக்காசோ செய்த மூலத்தை முன்னே வைத்துக்கொண்டு கைவினைஞர்கள் அதே வடிவில் பாண்டத்தைச் செய்து, அதே கோடுகளையும் வண்ணங்களையும் கையால் தீட்டினர். இவை ‘பிக்காசோ பதிப்பு’ என்னும் முத்திரை பெற்றன. கையால் தீட்டப்படுவதால் இரு படிகள் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இரண்டாவது வகையில், பிக்காசோ பாரிஸ் சாந்தாலான அச்சில் உருவத்தைத் தாமே செதுக்கினார். அதன் மேல் ஈரக் களிமண் தகட்டை அழுத்தி எடுக்கும்போது உருவம் புடைப்பாகப் பதியும். இவை ‘பிக்காசோவின் மூலப் பதிவு’ என்னும் முத்திரை பெற்றன. செதுக்கிய தகட்டிலிருந்து தாளில் படியெடுக்கும் முறையுடன் இது ஒப்பிடத்தக்கது. கலைஞரின் கை நேரடியாகப் பதிந்த அச்சிலிருந்து ஒவ்வொரு படியும் பெறப்படுவதால், இவ்வகையை மூல அச்சோவியத்துக்கு இணையாகக் கருதுவோர் உள்ளனர்.

பாண்டங்களின் அடிப்பகுதியில் ‘மதூரா’ முத்திரையும் காணப்படும். பலவற்றில் படியின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். 1947 முதல் 1971 வரை வெளியான 633 பதிப்பு வடிவங்களையும் அலென் ராமியே தொகுத்து விவரப்பட்டியலாக வெளியிட்டார். போலிகள் மிகுந்த இத்துறையில் மெய்மையை உறுதிசெய்ய வணிகர்களும் அருங்காட்சியகங்களும் இப்பட்டியலின் எண்களையே பயன்படுத்துகின்றன.

பிற கலைகளுடன் தொடர்பு

வல்லோரிஸில் பிக்காசோ செய்த சிற்பங்களிலும் மட்பாண்டங்களின் பங்கு உண்டு. ஃபூர்னாவுக்கு அருகில் குயவர்கள் உடைந்த பாண்டங்களைக் கொட்டிவைத்த இடத்திலிருந்து அவர் பல பொருட்களை எடுத்துவந்தார். 1950இல் செய்யப்பட்ட ‘வெள்ளாடு’ சிற்பத்தின் வயிறு பிரம்புக்கூடையாலும், மடி மண்சாடிகளாலும் அமைக்கப்பட்டது. அதே ஆண்டின் ‘கருவுற்ற பெண்’ சிற்பத்தின் வயிற்றுக்கும் மார்புக்கும் மண்பாண்டங்கள் பயன்பட்டன. இவை பின்னர் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன.

வல்லோரிஸின் அச்சகர் இடால்கோ அர்னேராவுடன் இணைந்து லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறையையும் பிக்காசோ வளர்த்தெடுத்தார். நகரில் ஆண்டுதோறும் நடந்த மட்பாண்டக் கண்காட்சிகளுக்கும் காளைப்போர் நிகழ்ச்சிகளுக்கும் அவர் இம்முறையில் சுவரொட்டிகள் செய்து கொடுத்தார்.

வல்லோரிஸ் மீது தாக்கம்

பிக்காசோவின் வருகை வல்லோரிஸின் பொருளாதாரத்தை மாற்றியது. இளம் மட்பாண்டக் கலைஞர்கள் பலர் இங்கு வந்து பட்டறைகளைத் திறந்தனர். மார்க் ஷகால் உள்ளிட்ட ஓவியர்கள் மதூராவில் பணியாற்றினர். கோடைக்காலங்களில் சுற்றுலாப் பயணிகள் திரண்டனர்.

பிக்காசோ 1943இல் செய்த ‘ஆட்டுடன் மனிதன்’ சிற்பத்தின் வெண்கல வார்ப்பை நகருக்கு அளித்தார். அது 1950இல் சந்தைச் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. நகராட்சி அவருக்குச் சிறப்புக் குடிமகன் தகுதியை வழங்கியது. நகரின் பழைய கோட்டையிலுள்ள சிற்றாலயத்துக்காக 1952இல் ‘போர்’, ‘அமைதி’ என்னும் இரு பெரும் ஓவியங்களை அவர் தீட்டினார். இச்சிற்றாலயம் இன்று பிக்காசோ தேசிய அருங்காட்சியகமாக உள்ளது.

இத்தாக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. பிக்காசோவின் முகங்களையும் காளைகளையும் போலச்செய்த மலிவான நினைவுப்பொருட்கள் கடைத்தெருக்களை நிறைத்தன. தேவை மிகுந்தபோது பல பட்டறைகள் தரத்தைவிட எண்ணிக்கையையே நாடின. சமையல் பானைகளை வனையும் பழைய தொழில் மீண்டும் உயிர்பெறவில்லை. அதன் இடத்தைச் சுற்றுலாவைச் சார்ந்த அழகுப்பொருள் தொழில் பிடித்துக்கொண்டது. பிக்காசோவின் மறைவுக்குப் பின் அதுவும் படிப்படியாகச் சுருங்கியது.

மதிப்பீடும் விவாதங்களும்

1948 கண்காட்சியைத் தொடர்ந்து எழுந்த கருத்துகள் இருவேறாக இருந்தன. ஒரு சாரார் இவற்றை ஓர் ஓவியரின் ஓய்வுநேர விளையாட்டு எனக் கருதினர். கிண்ணமும் தட்டும் கைவினைப் பொருட்களே, அவற்றை ‘குவர்னிக்கா’ போன்ற ஓவியத்தின் வரிசையில் வைக்க இயலாது என்பது அவர்களின் வாதம். மற்றொரு சாரார், ஓவியத்தின் தட்டைப் பரப்பையும் சிற்பத்தின் முப்பரிமாணத்தையும் ஒரே பொருளில் இணைத்த முயற்சியாக இவற்றைக் கண்டனர். வளைந்த பரப்பில் தீட்டிய உருவம் பார்ப்பவர் சுற்றிவரும்போது மாறிக்கொண்டே இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர்.

மட்பாண்டக் கலைஞர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. வடிவம், பயன்பாடு, மெருகு ஆகியவற்றின் ஒத்திசைவே பாண்டத்தின் அழகு எனக் கருதியோருக்கு, பாண்டத்தை ஓவியப் பலகையாக்கும் பிக்காசோவின் முறை ஏற்புடையதாக இல்லை. 1950களில் பிரித்தானியாவில் வில்லியம் நியூலாந்து, மார்கரெட் ஹைன், நிக்கலஸ் வெர்ஜெட் ஆகியோர் பிக்காசோவின் தாக்கத்தில் பணியாற்றினர். பிக்காசோவின் பெயரையும், தட்டைக் குறிக்கும் ‘அசியெத்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து ‘பிக்காசியெத்’ என அவர்கள் ஏளனமாக அழைக்கப்பட்டனர். மட்பாண்டம் பயன்பாட்டுப் பொருளாக இருந்தாக வேண்டியதில்லை என்னும் எண்ணம் பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வலுப்பெற்றதில் பிக்காசோவின் பங்கு பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

ஆக்கவுரிமை பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. ஜூல் அகார் வனைந்து, சுசான் ராமியே வடிவமைத்து, பெயர் குறிக்கப்படாத கைவினைஞர்கள் சுட்டெடுத்த பாண்டம் பிக்காசோவின் பெயரால் மட்டும் அறியப்படுவது பொருத்தமா என்னும் கேள்வி இதில் முதன்மையானது. பட்டறைக் கூட்டுழைப்பு ஐரோப்பியக் கலையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் என்பது ஒரு விடை. சக்கரத்தில் வனைந்த வடிவமே உருவத்தின் பாதியாக அமையும் இப்படைப்புகளில் வனைந்தவரின் பெயரும் குறிக்கப்பட வேண்டும் என்பது மற்றொரு விடை. சுசான் ராமியேயின் சொந்தப் படைப்புகள் அண்மைக்காலத்தில் தனியாகக் கவனம் பெற்றுவருவது இதனுடன் இணைத்துப் பார்க்கத்தக்கது.

விலை பற்றியது இன்னொரு விவாதம். பிக்காசோ 1944இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவர். பதிப்புகள் தொடக்கத்தில் ஓவியங்களை வாங்க இயலாதோரும் வாங்கும் விலையில் விற்கப்பட்டன. கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் அவற்றைத் தட்டாகவும் சாடியாகவும் வாங்கிச் சென்றனர். எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருந்ததாலேயே பின்னாளில் அவை அரும்பொருளாகி, அந்நோக்கத்துக்கு நேர்மாறான விலையை எட்டின.

பிற்கால வரலாறு

பிக்காசோ 1973இலும், சுசான் ராமியே 1974இலும், ஜார்ஜ் ராமியே 1976இலும் மறைந்தனர். அதன்பின் குடும்பத்தினர் நடத்திய மதூரா பட்டறை 2007இல் மூடப்பட்டது. 2012 ஜூனில் லண்டனின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், அலென் ராமியேயிடம் இருந்த 500க்கும் மேற்பட்ட பிக்காசோ மட்பாண்டங்களை ஏலத்தில் விட்டது. அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. மொத்த விற்பனை ஏறத்தாழ 80 இலட்சம் பவுண்டு ஆகும். 25 படிகள் மட்டுமே வெளியான, 1950ஆம் ஆண்டின் ‘முக்காடிட்ட பெண்கள்’ பெருஞ்சாடி 7 இலட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. மதூராவின் கட்டடம் பின்னர் பொது நிர்வாகத்தின் வசமாகிக் கண்காட்சி இடமாக மாற்றப்பட்டது.

1998இல் லண்டன் ராயல் அகாதமியிலும், அதனைத் தொடர்ந்து 1999இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் நடைபெற்ற கண்காட்சி, குடும்பத்தினரிடம் இருந்த ஒற்றைப் படைப்புகள் பலவற்றை மக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. பிக்காசோவின் மட்பாண்டங்கள் சிற்ப வரலாற்றின் பகுதியாக மறுமதிப்பீடு செய்யப்படுவதற்கு இக்கண்காட்சி உதவியது.

முதன்மைத் தொகுப்புகள்

பிக்காசோ அருங்காட்சியகம், ஆண்டீப்: 1948இல் பிக்காசோ அளித்த 78 மட்பாண்டங்கள்.

பிக்காசோ அருங்காட்சியகம், பார்சலோனா: 1982இல் ஜாக்குலின் அளித்த 41 மட்பாண்டங்கள்.

பிக்காசோ தேசிய அருங்காட்சியகம், பாரிஸ்: பிக்காசோவின் மறைவுக்குப் பின் மரபுரிமை வரிக்கு ஈடாக அரசு பெற்ற தொகுப்பின் பகுதி.

செரே நவீனக் கலை அருங்காட்சியகம்: 1953ஆம் ஆண்டின் காளைப்போர்க் கிண்ணங்கள்.

ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகம், சப்பான்: 1984இல் திறக்கப்பட்ட பிக்காசோ காட்சிக்கூடம்.

லெஸ்டர் அருங்காட்சியகம், இங்கிலாந்து: ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்டு அட்டன்பரோவும் அவர் மனைவியும் 1954 முதல் திரட்டிய பதிப்புகள். 2007இல் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

காலவரிசை

1938 – மதூரா பட்டறை நிறுவப்படுதல்
1946 – பிக்காசோ ராமியே இணையரைச் சந்தித்தல்
1947 – மதூராவில் தொடர்ச்சியான பணி தொடங்குதல்
1948 – வல்லோரிஸில் குடியேறுதல். பாரிசில் 149 மட்பாண்டங்களின் கண்காட்சி
1950 – ‘ஆட்டுடன் மனிதன்’ சிலை நிறுவப்படுதல்
1955 – கான் நகருக்குக் குடிபெயர்தல்
1961 – ஜாக்குலின் ரோக்குடன் திருமணம், முஜானில் குடியேறுதல்
1971 – பதிப்பு வடிவங்களின் இறுதி ஆண்டு
1973 – பிக்காசோவின் மறைவு
2007 – மதூரா மூடப்படுதல்
2012 – மதூராத் தொகுப்பின் ஏலம்

இவற்றையும் பார்க்கவும்

பாப்லோ பிக்காசோ
மட்பாண்டக் கலை
சுடுமண் சிற்பம்
கியூபிசம்
மார்க் ஷகால்